விண்டோஸ் கோப்புறைகளை யூனிக்ஸ் கணினியில் பொருத்தும் முறை

ஒரே காரியாலயத்தில் இருவகைக் கணினிகள் அருகருகே இயங்குவது இந்நாளில் பொதுவான நிலையாகும். பதிவேடுகள் யாவும் விண்டோஸ் அமைப்பில் இயங்கும் ஒரு கணினியில் சேமிக்கப்பட்டிருக்கும். களப்பணியாளர் எடுத்துச் செல்லும் மடிக்கணினியோ, பள்ளியின் கணினிக் கூடமோ யூனிக்ஸ் மரபைச் சார்ந்த லினக்ஸ் அமைப்பில் இயங்கும். நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இம்மரபினதே. ஒன்றிலுள்ள கோப்பை மற்றொன்றிற்குக் கொண்டுசெல்லப் பலர் பென்டிரைவையே நாடுகின்றனர். இதனால் ஒரே பதிவேட்டிற்கு மூன்று நான்கு படிகள் உண்டாகி, அவற்றுள் எது இறுதியானது என்னும் ஐயம் எழுகின்றது. வலையமைப்பின் வழியே விண்டோஸ் கோப்புறையை யூனிக்ஸ் கணினியில் நேரே பொருத்திக்கொண்டால் இவ்விடர் நீங்கும். அம்முறையையும், அதில் கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கைகளையும் இக்கட்டுரையில் விளக்குவோம்.

பொருத்துதல் என்பது யாது?

விண்டோஸ் அமைப்பில் ஒவ்வொரு சேமிப்புத் தட்டிற்கும் சி, டி, இ என ஓர் எழுத்து வழங்கப்படுகின்றது. தட்டுகள் தனித்தனி வீடுகளைப் போல நிற்கின்றன. 1969-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோரால் தொடங்கப்பட்ட யூனிக்ஸ் அமைப்போ வேறு வழியைக் கைக்கொண்டது. அதில் கோப்புறைகள் யாவும் ஒரே மரத்தின் கிளைகள். அம்மரத்தின் அடியே மூலக் கோப்புறை. புதிதாக ஒரு சேமிப்புத் தட்டை இணைக்கும்போது, மரத்திலுள்ள ஏதேனும் ஒரு கோப்புறையை இடமாகக் காட்டி, அதன்மீது அத்தட்டை ஒட்டுப்போட வேண்டும். இச்செயலே பொருத்துதல்; மவுண்ட் என்பது அதன் வழக்குப் பெயர். ஒட்டுப்போடப்படும் கோப்புறையைப் பொருத்துமிடம் என்போம்.

பொருத்தப்படுவது அதே கணினியிலுள்ள தட்டாக இருக்க வேண்டுவதில்லை. வலையமைப்பின் மறுமுனையிலுள்ள கணினியின் கோப்புறையாகவும் இருக்கலாம். பொருத்திய பின், பயனருக்கு அது தம் கணினியிலுள்ள மற்றொரு கோப்புறையைப் போலவே தோன்றும். இத்தோற்றமே இம்முறையின் பெரும் வசதி. கவனக்குறைவாக இருப்போர்க்கு இதுவே பெரும் ஆபத்துமாம். கண்முன் காணப்படும் கோப்புறை உண்மையில் எங்குள்ளது, அதன்மீது அதிகாரம் யாருடையது என்னும் இரு வினாக்களை மறவாதிருப்பவர்க்கே இம்முறை முழுப் பயன் தரும்.

இரு அமைப்புகளுக்கும் பொதுவான மொழி

வேறுபட்ட இரு அமைப்புகள் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டுமாயின் அவற்றிற்குப் பொதுவான ஒரு மொழி வேண்டும். அம்மொழி எஸ்.எம்.பி. எனப்படும் நெறிமுறையாகும். 1980-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் இதனை வகுத்தார். பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதனை ஏற்று விரிவுபடுத்தித் தன் விண்டோஸ் அமைப்புகளின் அங்கமாக்கியது. 1996-ஆம் ஆண்டு முதல் சில காலம் சி.ஐ.எஃப்.எஸ். என்னும் பெயரும் இதற்கு வழங்கிற்று. லினக்ஸ் கட்டளைகளில் இப்பழைய பெயர் இன்றும் நிலைத்திருக்கின்றது.

யூனிக்ஸ் உலகம் இம்மொழியைக் கற்றுக்கொண்ட வரலாறு சுவையானது. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜல், 1991-ஆம் ஆண்டின் இறுதியில், வலையமைப்பில் செல்லும் செய்திப் பொதிகளை ஒற்றுக் கேட்டு, அவற்றின் பொருளைத் தாமே உய்த்துணர்ந்து ஒரு நிரலை எழுதினார். அதுவே பின்னாளில் சாம்பா என்னும் பெயர் பெற்றது. எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துகளும் அமைந்த ஒரு சொல்லைத் தேடியபோது கிட்டிய பெயர் அது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளல் நலம். யூனிக்ஸ் கணினியிலுள்ள கோப்புறைகளை விண்டோஸ் கணினிகளுக்கு வழங்குவதே சாம்பா வழங்கியின் தலையாய பணி. நாம் இங்கு விளக்குவது இதற்கு எதிர்த்திசையிலான பணியாகும். விண்டோஸ் வழங்குவதை லினக்ஸ் கணினி பெற்றுத் தன் மரத்தில் பொருத்துவதற்கு, ஸ்டீவ் ஃபிரெஞ்சு உருவாக்கிய சி.ஐ.எஃப்.எஸ். என்னும் உறுப்பு லினக்ஸின் உட்கருவிலேயே அமைந்துள்ளது. ஆகவே, கோப்புறையைப் பெற மட்டும் விரும்புவோர் சாம்பா வழங்கியை நிறுவ வேண்டுவதில்லை.

செய்முறை

பின்வரும் கட்டளைப் பெயர்களைத் தமிழ் ஒலிப்பில் தந்துள்ளோம். விசைப்பலகையில் அவற்றை ரோமன் எழுத்துகளில் இடவேண்டும்.

முதலில் சி.ஐ.எஃப்.எஸ்.-யூட்டில்ஸ் என்னும் துணைக் கருவித் தொகுப்பு லினக்ஸ் கணினியில் நிறுவப்பட்டிருத்தல் அவசியம். அடுத்து விண்டோஸ் கணினியின் பெயர் அல்லது ஐ.பி. முகவரி, பகிரப்பட்ட கோப்புறையின் பெயர், அக்கணினியில் செல்லுபடியாகும் பயனர் பெயர், கடவுச்சொல் ஆகிய நான்கையும் அறிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர், எம்.என்.டி. என்னும் வழக்கமான கோப்புறையின் கீழ் வெறுமையான புதிய கோப்புறை ஒன்றை உண்டாக்க வேண்டும். இதுவே பொருத்துமிடம்.

இனிக் கட்டளை. அது ஐந்து பகுதிகளைக் கொண்டது. முதலாவது, மவுண்ட் என்னும் சொல். இரண்டாவது, சிறுகோடும் டி என்னும் எழுத்தும் இட்டு, அதன்பின் சி.ஐ.எஃப்.எஸ். என வகையைக் குறித்தல். மூன்றாவது, தொலைவிலுள்ள கோப்புறையின் முகவரி. நான்காவது, பொருத்துமிடத்தின் பாதை. ஐந்தாவது, சிறுகோடும் ஓ என்னும் எழுத்தும் இட்டு, அதன்பின் காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட நிபந்தனைகள்.

மூன்றாம் பகுதியில் தவறு நேர்வது மிகுதி. விண்டோஸ் அமைப்பில் இம்முகவரி இடப்பக்கம் சாய்ந்த கோடுகளால் எழுதப்படும். யூனிக்ஸில் வலப்பக்கம் சாய்ந்த கோடுகளையே இடவேண்டும்: இரு சாய்கோடுகள், கணினியின் பெயர், ஒரு சாய்கோடு, கோப்புறையின் பகிர்வுப் பெயர். நிலையம் என்னும் கணினியில் பதிவேடு என்னும் கோப்புறை பகிரப்பட்டிருப்பின், //நிலையம்/பதிவேடு என்பது முகவரியின் வடிவமாகும். இடப்பக்கம் சாய்ந்த கோட்டை யூனிக்ஸ் கட்டளை வாங்கி வேறு பொருளில் கொள்ளுமாதலால் பிழை நேரும்.

இக்கட்டளையைப் பொதுவாக ரூட் எனப்படும் தலைமைப் பயனரே இட இயலும். அவ்வதிகாரம் இல்லாத களப்பணியாளர் தம் காரியாலயத்தின் கணினிப் பொறுப்பாளர் வாயிலாகவே இதனை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

கடவுச்சொல்லைக் காத்தல்

நிபந்தனைகளுள் ஒன்றாகக் கடவுச்சொல்லையும் கட்டளையிலேயே எழுதிவிட இயலும். ஆயினும் அவ்வாறு செய்தல் தகாது. இடப்பட்ட கட்டளைகளைக் கணினி ஒரு வரலாற்றுக் கோப்பில் குறித்து வைக்கின்றது. கணினி தொடங்கும்போதே பொருத்துதல் நிகழ வேண்டி எஃப்.எஸ்.டாப் என்னும் பட்டியற் கோப்பில் எழுதினாலோ, அக்கோப்பை அக்கணினியின் பயனர் அனைவரும் படிக்கலாம். ஆகையால் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தனிக் கோப்பொன்றில் எழுதி, அதன் அனுமதி எண்ணை 600 என அமைத்து, உரிமையாளர் ஒருவரே படிக்குமாறு செய்யவேண்டும். கட்டளையில் கிரெடென்ஷியல்ஸ் என்னும் நிபந்தனையின் வாயிலாக அக்கோப்பின் பாதையை மட்டும் குறித்தால் போதும்.

அனுமதி வழங்குவது யார்?

பொருத்திய கோப்புறையைப் பார்வையிட்டால் ஒவ்வொரு கோப்பிற்கும் ஓர் உரிமையாளர் பெயரும் அனுமதிக் குறிகளும் காணப்படும். இவை பெரும்பாலும் உண்மையான நிலையைக் காட்டுவன அல்ல. விண்டோஸ் தன் அனுமதிகளை வேறு முறையில் வைத்திருப்பதால், லினக்ஸ் தனக்குரிய பயனர் எண், குழு எண், கோப்பின் அனுமதி எண் ஆகியவற்றை நாம் தந்த நிபந்தனைகளிலிருந்து எடுத்து முகப்பில் காட்டுகின்றது. யூ.ஐ.டி., ஜி.ஐ.டி., ஃபைல்-மோட், டிர்-மோட் என்னும் நிபந்தனைகள் இதற்கானவை. இவற்றைத் தராவிடில் கோப்புகள் யாவும் ரூட்டிற்குரியனவாகத் தோன்றி, சாதாரணப் பயனர் எழுத இயலாமற் போகும்.

எனவே இங்கு இரு வாயில்கள் உள்ளன. முதல் வாயிலில் லினக்ஸ் தன் குறிகளைக் கொண்டு சோதிக்கின்றது. இரண்டாம் வாயிலில் விண்டோஸ், எந்தப் பயனர் பெயரால் பொருத்துதல் நிகழ்ந்ததோ அப்பெயருக்குரிய அனுமதியைச் சோதிக்கின்றது. முதல் வாயிலை முற்றும் திறந்துவிட்டாலும் இரண்டாம் வாயிலின் காவல் தளராது. அனுமதி மறுக்கப்படும்போது லினக்ஸில் குறிகளைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்ப்பது வீண் முயற்சியாக முடிவது இதனாலேயாம்.

இதிலிருந்து மற்றொரு விளைவும் பிறக்கின்றது. ஒரே பொருத்துமிடத்தின் வழியே பத்து மாணவர்கள் எழுதினாலும், விண்டோஸ் கணினி அவர்கள் அனைவரையும் ஒரே பயனராகவே காணும். யார் திருத்தினார் என்பது பின்னர் விளங்காது. பொறுப்பு நிர்ணயம் வேண்டிய பதிவேடுகளுக்கு ஒவ்வொருவரும் தத்தம் பெயரால் இணைவதே முறை. படித்தல் மட்டும் போதுமாயின் ஆர்.ஓ. என்னும் நிபந்தனையை இட்டு எழுத்தை அடியோடு தடுத்துவிடுதல் நன்று.

பழைய பதிப்பு ஏன் ஆகாது?

எஸ்.எம்.பி. நெறிமுறை பல பதிப்புகளைக் கண்டது. இரண்டாம் பதிப்பு விண்டோஸ் விஸ்டாவுடன் 2006-இலும், மூன்றாம் பதிப்பு விண்டோஸ் 8-உடன் 2012-இலும் வந்தன. மூன்றாம் பதிப்பில் செய்திகளை மறைகுறியாக்கி அனுப்பும் வசதியும் சேர்ந்தது. முதற் பதிப்பின் குறைபாடு 2017-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் உலகிற்குத் தெளிவாயிற்று. விண்டோஸில் அப்பதிப்பைக் கையாளும் பகுதியிலிருந்த ஒரு பிழையின் வழியே வானாகிரை என்னும் தீநிரல் கணினிக்குக் கணினி தானாகவே பரவி, கோப்புகளைப் பூட்டி, மீட்புப் பணம் கோரிற்று. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் பலவற்றில் பணிகள் தடைப்பட்டன. அப்பிழைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரு மாதங்களுக்கு முன்னரே மார்ச் மாதத்தில் வெளியிட்டிருந்தது என்பது கருதத்தக்கது. அதனை ஏற்றுக்கொள்ளாத கணினிகளே இரையாயின.

அவ்வாண்டிலேயே லினக்ஸின் உட்கருவும் முதற் பதிப்பை இயல்பு நிலையிலிருந்து விலக்கியது. புதிய விண்டோஸ் 10 நிறுவல்களிலும் அது சேர்க்கப்படாதாயிற்று. ஆகையால், வெர்ஸ் என்னும் நிபந்தனையில் 1.0 எனக் குறிக்குமாறு கூறும் பழைய குறிப்புகளைப் பின்பற்றலாகாது. 3.0 அல்லது 3.1.1 எனக் குறிப்பதே தக்கது. மேலும் இந்நெறிமுறை 445 என்னும் எண்ணுள்ள வாயிலைப் பயன்படுத்துகின்றது. அவ்வாயில் காரியாலய வலையமைப்பிற்குள் மட்டுமே திறந்திருக்க வேண்டும். இணையத்தை நோக்கி ஒருபோதும் திறந்திருத்தல் கூடாது.

பெயர்களால் வரும் இடையூறு

ரோமன் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாட்டை யூனிக்ஸ் மதிக்கின்றது. விண்டோஸ் பொதுவாக மதிப்பதில்லை. ஆதலால் யூனிக்ஸில் எழுத்தளவால் மட்டும் வேறுபட்ட இரு கோப்புகளைப் படியெடுத்து அனுப்பினால், விண்டோஸில் ஒன்றன்மீது மற்றொன்று எழுதப்பட்டு முதலாவது அழிந்துபோகலாம். தமிழ் எழுத்துகளில் இவ்வேறுபாடே இல்லையாதலால் தமிழ்ப் பெயர்களுக்கு இவ்விடர் இல்லை. முக்காற்புள்ளி, வினாக்குறி, நட்சத்திரக்குறி முதலியன யூனிக்ஸ் பெயர்களில் வரலாம். விண்டோஸ் பெயர்களில் வரலாகா. நேரத்தை முக்காற்புள்ளி இட்டுக் கோப்பின் பெயரில் எழுதும் களப்பணியாளர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

தமிழ்ப் பெயர்களுக்கு வேறொரு வரம்பு உண்டு. லினக்ஸில் பரவலாக வழங்கும் எக்ஸ்ட்-4 என்னும் சேமிப்பு முறையில் ஒரு பெயர் 255 பைட்டுகளைத் தாண்டலாகாது. யூ.டி.எஃப்.-8 குறியீட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் தேவை. கோ என்னும் ஓர் எழுத்தே ககரமும் ஓகாரக் குறியுமாக இரு குறிகளைக் கொண்டு ஆறு பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். ஆகவே, 85 குறிகளுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெயர் அங்கு இடங்கொள்ளாது. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறையிலோ 255 குறிகள் வரை இடமுண்டு. இதனால், விண்டோஸ் கணினியில் குறையின்றி இருந்த நீண்ட தமிழ்ப் பெயருள்ள கோப்பு, லினக்ஸின் தட்டிற்குப் படியெடுக்கும்போது மறுக்கப்படும். பெயர்களைச் சுருக்கமாக வைத்தலே இதற்குப் பரிகாரம்.

வெற்றிடத்தில் எழுதும் ஆபத்து

இனி, எல்லாவற்றினும் முக்கியமான எச்சரிக்கையைக் கூறுவோம். பொருத்துமிடம் ஓர் உண்மையான கோப்புறை. தொலைவிலுள்ளது அதன்மீது பொருத்தப்படாத வேளையிலும் அது வெறுமையாக அங்கேயே இருக்கும். ஒரு களநிலையத்தில் நாள்தோறும் மாலையில் மழையளவுக் குறிப்புகளைப் பொருத்துமிடத்திற்குப் படியெடுக்கும் ஏற்பாடு உள்ளதெனக் கொள்வோம். ஒருநாள் மின்தடைக்குப் பின் மடிக்கணினி மீண்டும் தொடங்குகின்றது, வலையமைப்பு இன்னும் உயிர்பெறவில்லை, பொருத்துதல் நிகழவில்லை. மாலையில் படியெடுக்கும் பணி வழக்கம்போல் நடைபெறும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. ஆயின் குறிப்புகள் தலைமைக் காரியாலயத்தைச் சென்றடையாமல், மடிக்கணினியின் தட்டிலேயே தங்கிவிடும்.

இத்துடன் இடர் முடிவதில்லை. மறுநாள் வலையமைப்பு சீராகிப் பொருத்துதல் நிகழ்ந்தவுடன், முதல்நாள் எழுதிய கோப்புகள் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்துவிடும். அவை அழியவில்லை, மேலே பொருத்தப்பட்ட கோப்புறையின் கீழ் மறைந்து கிடக்கின்றன. மடிக்கணினியில் ஏனென்று விளங்காமல் தட்டிடம் குறைந்திருக்கும். தலைமைக் காரியாலயத்தில் ஒருநாள் பதிவு விடுபட்டிருக்கும். பொருத்தியதை நீக்கிப் பார்த்தாலன்றி இது வெளிப்படாது.

இதனைத் தடுக்க மூன்று வழிகள் உள. ஒன்று, எழுதுவதற்கு முன் மவுண்ட்பாயின்ட் என்னும் கட்டளையால் அவ்விடம் பொருத்தப்பட்டுள்ளதா என்று சோதித்தல். தானியங்கிப் பணிகளில் இச்சோதனையை முதல் வரியாகவே சேர்த்தல் வேண்டும். இரண்டு, வெறுமையான பொருத்துமிடத்தைச் சாட்டர் என்னும் கட்டளையால் மாற்றவியலாததாகக் குறித்துவிடுதல். இவ்வாறு செய்தால் பொருத்தப்படாத வேளையில் எழுத முயல்வோர்க்குப் பிழைச்செய்தி கிட்டும். மூன்று, எஃப்.எஸ்.டாப் பட்டியலில் நெட்டெவ் என்னும் நிபந்தனையைச் சேர்த்தல். இதனால் வலையமைப்பு ஆயத்தமான பின்னரே பொருத்துதல் முயலப்படும். இதன் முன்னே ஓர் அடிக்கோடு இடப்படும். நோஃபெயில் என்பதையும் உடன் சேர்த்தால், விண்டோஸ் கணினி கிட்டாதபோதும் மடிக்கணினி தடையின்றித் தொடங்கும்.

நீக்குதலும் சரிபார்த்தலும்

பணி முடிந்ததும் யூமவுண்ட் என்னும் கட்டளையால் பொருத்தியதை நீக்கவேண்டும். இச்சொல்லில் யூ என்னும் எழுத்தை அடுத்து என் என்னும் எழுத்து இல்லை என்பதைக் கவனிக்க. இடம் பயன்பாட்டில் உள்ளது என்று மறுமொழி வரின், ஏதேனும் ஒரு நிரல் அக்கோப்புறையைத் திறந்து வைத்திருக்கின்றது. அல்லது பயனரே அக்கோப்புறைக்குள் நின்றுகொண்டிருக்கின்றார். எழுதப்பட்டவை சிறிது நேரம் நினைவகத்தில் தங்கி, பின்னரே அனுப்பப்படுவதும் உண்டு. ஆகையால் நீக்காமல் வலைக்கம்பியைப் பிடுங்குதல் தகாது. முக்கியமான பதிவுகளை அனுப்பியவர், ஒருமுறை நீக்கி, மீண்டும் பொருத்தி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே மூலத்தை அழிக்கலாம்.

பிழை எண்கள் சில

13 என்னும் எண் அனுமதி மறுக்கப்பட்டதைக் குறிக்கும்; பயனர் பெயர், கடவுச்சொல், களப்பெயர் ஆகியவற்றைச் சரிபார்க்க. 2 என்னும் எண் வரின், பகிர்வுப் பெயர் பெரும்பாலும் தவறாக எழுதப்பட்டிருக்கும். 112 என்னும் எண் மறுமுனைக் கணினி இயங்கவில்லை என்று கூறும். ஆயின் அக்கணினி நன்றாக இயங்கும்போதும், இரு முனைகளும் நெறிமுறைப் பதிப்பில் உடன்படாவிடில் இதே எண் தோன்றும். நிபந்தனை தவறு அல்லது வகை தவறு என்னும் செய்தி வரின், துணைக் கருவித் தொகுப்பு நிறுவப்பட்டுள்ளதா என்று முதலில் நோக்குக.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இக்கருத்தை எளிதில் விளக்க ஒரு சோதனையைக் கூறி முடிப்போம். விண்டோஸ் கணினி ஒன்றில் ஒரு கோப்புறையைப் பகிர்ந்து, அதில் ‘தொலைவு’ என்னும் பெயருடைய கோப்பை இடுக. லினக்ஸ் கணினியில் பொருத்துமிடத்தை உண்டாக்கி, பொருத்துவதற்கு முன் அதனுள் ‘அண்மை’ என்னும் பெயருடைய கோப்பை இடுக. பட்டியலைக் கேட்டால் ‘அண்மை’ தோன்றும். பொருத்திய பின் கேட்டால் ‘அண்மை’ மறைந்து ‘தொலைவு’ தோன்றும். நீக்கினால் ‘தொலைவு’ மறைந்து ‘அண்மை’ மீண்டும் தோன்றும். ஒவ்வொரு நிலையிலும், இப்போது எழுதினால் அது எந்தக் கணினியின் தட்டில் பதியும் என்று மாணவரைக் கேட்க வேண்டும். கோப்புறையின் பெயரும் பாதையும் மூன்று நிலைகளிலும் மாறாதிருக்க, அதன் உள்ளடக்கம் மட்டும் மாறுவதைக் கண்ணாரக் கண்ட மாணவர், பொருத்துதலின் இயல்பையும் அதன் ஆபத்தையும் ஒருங்கே உணர்வர். களப்பணியாளரும் தம் காரியாலயத்தில் இச்சோதனையை ஒருமுறை செய்து பார்த்துவிட்டுப் பணியைத் தொடங்குவது நன்று.